அமியேன் ஆலைக்கு உறுவையாறிலிருந்து ஓர் ஓட்டு

உறுவையாறில் இருந்துகொண்டு பிரான்ஸ் நாட்டு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் உண்டு. வெளியூர் நண்பர்களிடம் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல்தான் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுச்சேரியிலேயே வரிசையில் நின்று பாரிஸ் நாற்காலிக்கு ஓட்டுப் போடுகிறார்கள்.

என் பெரியப்பா அவர்களில் ஒருவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஊர்ப் பேச்சில் 'சொல்தா'. பென்ஷன் யூரோவில் வரும். நெல் போடுவது சங்கராபரணிப் பக்கத்து நிலத்தில். அவருடைய மகன், எனக்கு அண்ணன், பிரான்ஸ் போகவில்லை. திருபுவனைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. 2017-ல் இரண்டாம் சுற்றுக்கு மக்ரோனும் மரீன் லெ பென்னும் மிஞ்சியபோது பெரியப்பா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "ரெண்டு பேரும் அந்த மிஷின் கம்பெனியப் பத்திப் பேசறாங்க. இதுல யாரை நம்பறது, சொல்லு."

யாருக்குப் போடுவது என்று அவர் கேட்கவில்லை. யாரை நம்புவது என்று கேட்டார். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஒன்றில்லை. அந்த இடைவெளியைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

*

பெரியப்பா சொன்ன மிஷின் கம்பெனி வேர்ல்பூல். வட பிரான்சில் அமியேன் என்ற ஊரில் அதற்கு ஓர் ஆலை இருந்தது. துணி உலர்த்தும் ட்ரையர் செய்தார்கள். 2017 ஜனவரியில் நிறுவனம் அறிவித்தது: அடுத்த ஆண்டு ஜூனோடு ஆலை மூடப்படும், உற்பத்தி போலந்துக்குப் போகும். முந்நூறு பேருக்குச் சற்றுக் குறைவான தொழிலாளர்கள். பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனால் அமியேன் மக்ரோன் பிறந்து படித்த ஊர். தேர்தல் நேரம் வேறு. சின்ன ஆலை பெரிய மேடையாகிவிட்டது.

ஏப்ரல் 26. முதல் சுற்று முடிந்து மூன்றாவது நாள். மக்ரோன் அமியேனுக்கு வந்து, ஊருக்குள் ஒரு கூட்ட அறையில் தொழிற்சங்கப் பிரதிநிதிகளோடு பேசிக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் லெ பென் யாருக்கும் சொல்லாமல் ஆலை வாசலிலேயே போய் இறங்கினார். தொழிலாளர்களோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார். நான் ஜனாதிபதியானால் இந்த ஆலை மூடப்படாது என்றார். கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிட்டார். செய்தி தெரிந்து மக்ரோனும் மதியத்துக்கு மேல் அங்கே வந்தார். விசில், கூச்சல், திட்டு. ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்று பேசினார். எல்லையை மூடுவது தீர்வாகாது என்றார். மூடவே விடமாட்டேன் என்று வாக்குக் கொடுக்க மறுத்தார். ஆலையை எடுத்து நடத்த வேறு ஆள் தேடுவேன், தொழிலாளர்களுக்கு நியாயமான ஏற்பாடு இல்லாமல் விடமாட்டேன் என்றார்.

அன்று மாலையே பலர் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஒரு தரப்புக்கு, மக்களின் வலியைப் புரிந்துகொண்டவர் லெ பென்; மற்றவர் முன்னாள் வங்கிக்காரர். இன்னொரு தரப்புக்கு, கசப்பான உண்மையை முகத்துக்கு நேரே சொன்ன வீரர் மக்ரோன். மற்றவர் பொய் விற்பவர். எனக்கு இரண்டு தீர்ப்புமே அவசரமாகத் தெரிகின்றன.

முதலில் லெ பென்னின் வாக்குறுதி. போலந்து 2004-லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது. ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டுப் பொருள் இன்னொரு நாட்டுக்குப் போனால் சுங்கம் கிடையாது. வெளிநாட்டுப் பொருளுக்கு எவ்வளவு வரி என்பதையும் ஒன்றியம்தான் முடிவு செய்யும். பிரான்சின் ஜனாதிபதி தனியாகக் கையெழுத்துப் போட்டு எதையும் மாற்ற முடியாது. ஆகவே 'ஆலை மூடப்படாது' என்ற வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியம் ஒளிந்திருந்தது: ஒன்றியத்தின் விதிகளை உடைப்பேன், தேவையானால் வெளியேறுவேன். அவருடைய தேர்தல் அறிக்கையில் ஒன்றியத்தில் தொடர்வதா என்று வாக்கெடுப்பு நடத்தும் உறுதிமொழி இருந்தது. அது ஒரு கொள்கை. அதை ஆதரிக்கவும் காரணங்கள் உண்டு. ஆனால் ஆலை வாசலில் தொழிலாளியின் கண்ணைப் பார்த்துச் சொன்னது பலன் மட்டும்தான். விலைச் சீட்டு வேறு பையில் இருந்தது.

இனி மக்ரோனின் வாக்குறுதி. அவர் ஜெயித்தார். உள்ளூர்த் தொழிலதிபர் ஒருவர் ஆலையை எடுக்க முன்வந்தார். 2017 அக்டோபரில் ஜனாதிபதியே அங்கே போய் நம்பிக்கையோடு பேசினார். பழைய தொழிலாளர்களில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் புதிய நிறுவனத்தில் சேர்க்கப்பட்டார்கள். 2018-ல் வேர்ல்பூல் கிளம்பியது. 2019-ல் புதிய நிறுவனம் திவாலானது. வேறொரு நிறுவனம் சிலரை மட்டும் எடுத்துக்கொண்டது; பெரும்பாலானவர்கள் வீட்டுக்குப் போனார்கள். உண்மை பேசியவர் என்று பேர் வாங்கியவரின் வாக்குறுதியும் அந்த ஊரில் வேலையைக் காப்பாற்றவில்லை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'உங்கள் வேலை போகும், அதைத் தடுக்க முடியாது' என்று சொல்வதில் சொல்கிறவருக்கு எந்த இழப்பும் இல்லை. கசப்பை விழுங்குகிறவர் வேறு ஆள். அதனால் கசப்பாகப் பேசுவதையே நேர்மையின் முத்திரையாக எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம்.

லெ பென்னின் வாக்குறுதிக்கு ஒரு வசதி இருந்தது. அது சோதனைக்கே வரவில்லை. தோற்றவரின் வாக்குறுதி எப்போதும் அழகாகவே இருக்கும். ஜெயித்தவரின் வாக்குறுதிதான் வெயிலில் நிற்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது நாம் ஒரு நிஜத்தையும் ஒரு கனவையும் ஒப்பிடுகிறோம் என்ற நினைப்பு வேண்டும்.

*

'நம்பலாம்' என்ற சொல்லுக்குள் மூன்று அர்த்தங்கள் கலந்து கிடக்கின்றன. சொன்னதைச் செய்வார் என்பது ஒன்று. செய்தால் சொன்ன பலன் கிடைக்கும் என்பது இன்னொன்று. கிடைக்காவிட்டால் நம் முகத்தைப் பார்ப்பார் என்பது மூன்றாவது. வீட்டு வரி, சாலை, பள்ளிக்கூடம் மாதிரி விஷயங்களில் இந்த மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகவே போகும். சாலை போடுவேன் என்றவர் போட்டால் சாலை இருக்கும். வர்த்தகத்தில் அப்படியில்லை. அங்கே வாக்குறுதி கொடுப்பவர் ஒருவர், அதை நிறைவேற்ற வேண்டியவர்கள் பலர். எதிர்த்தரப்பு நாடு இருக்கிறது, லாபம் பார்க்கும் நிறுவனம் இருக்கிறது, கடையில் விலை கேட்கும் பெண்மணி இருக்கிறார்.

முதல் அர்த்தத்தில் இன்றைக்கு உலகத்தில் அதிகம் நம்பத்தகுந்தவர் டொனால்ட் டிரம்ப் என்று சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். வரி போடுவேன் என்றார், போட்டார். 2018 ஜனவரியில் வெளிநாட்டு வாஷிங் மெஷின்களுக்கு வரி அறிவித்தார். ஓர் எண்ணிக்கை வரை 20 சதவீதம், அதற்கு மேல் 50 சதவீதம். அதைக் கேட்டு மனுப் போட்டது அதே வேர்ல்பூல்தான். பிரான்சில் எல்லை திறந்திருந்ததால் கிளம்ப முடிந்த நிறுவனம், அமெரிக்காவில் எல்லையை மூடச் சொல்லிக் கேட்டது. நிறுவனத்துக்குக் கொள்கை இல்லை, கணக்குதான் உண்டு. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. கணக்குப் போடத்தான் நிறுவனம்.

பலன் என்ன? அமெரிக்க மத்திய வங்கியையும் சிகாகோ பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த பொருளாதார அறிஞர்கள் கணக்கெடுத்தார்கள். வாஷிங் மெஷின் விலை 12 சதவீதம் அளவுக்கு ஏறியது. வரியே போடாத ட்ரையரின் விலையும் அதே அளவு ஏறியது. இரண்டையும் ஜோடியாக வாங்குவதால் கடைக்காரர்கள் ஏற்றத்தை இரண்டின் மேலும் பிரித்துப் போட்டார்கள். ஏறக்குறைய 1,800 வேலைகள் வந்தன. அந்த வேலை ஒவ்வொன்றுக்கும் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கு எட்டு லட்சம் டாலருக்கு மேல் கூடுதலாகக் கொடுத்தார்கள். சொன்னதைச் செய்தார், வேலையும் வந்தது. ஆனால் வெளிநாட்டுக்காரன் கட்டுவான் என்று சொன்ன காசைத் துணி துவைக்கும் உள்ளூர்க் குடும்பம் கட்டியது.

அப்படியானால் 'சொன்னதைச் செய்பவர்' என்பது மட்டும் போதாது. தப்பான மருந்தைத் தவறாமல் கொடுக்கும் வைத்தியரை யாரும் நம்பகமானவர் என்று சொல்வதில்லை.

*

இதையெல்லாம் படித்தவர்கள்தான் பிரித்துப் பார்க்க முடியும், சாதாரண வாக்காளருக்கு ஏது என்று கேட்கலாம். சாதாரண வாக்காளர்கள் மிக நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்த ஒரு தேர்தல் தமிழர் வரலாற்றிலேயே இருக்கிறது. 1982 அக்டோபர் 20, இலங்கையின் முதல் ஜனாதிபதித் தேர்தல்.

1970-லிருந்து 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதியை இறுக்கிப் பிடித்திருந்தது. வெளியிலிருந்து மிளகாய், வெங்காயம் வரத்து நின்றது. யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டக்காரர்கள் கிணற்று நீரை இறைத்து விளைவித்ததற்கு நாடு முழுவதும் சந்தை கிடைத்தது. கல்வீடு கட்டினார்கள், நீர் இறைக்கும் மெஷின் வாங்கினார்கள். 1977-ல் ஜே.ஆர். ஜெயவர்த்தன வந்து பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார். இறக்குமதி வந்தது, விலை சரிந்தது. 1982-ல் ஜே.ஆரை எதிர்த்து நின்றவர் ஹெக்டர் கொப்பேகடுவ. மூடிய பொருளாதாரக் காலத்தின் விவசாய அமைச்சர் அவர்தான்.

அவர் கட்சியை யாழ்ப்பாணம் விரும்ப எந்த அரசியல் காரணமும் இல்லை. பல்கலைக்கழகத் தரப்படுத்தல் அந்த ஆட்சியில் வந்தது. 1972 அரசியலமைப்பும் அந்த ஆட்சியுடையது. தமிழர் தரப்பில் குமார் பொன்னம்பலமே வேட்பாளராக நின்றார். ஆனாலும் யாழ்ப்பாண மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான ஓட்டுகள் கொப்பேகடுவவுக்கு விழுந்தன. பொன்னம்பலத்துக்கு அடுத்த இடம் அவருக்கு, ஜே.ஆர். மூன்றாவது. மிளகாயும் வெங்காயமும் போட்ட ஓட்டு என்று அதை விளக்குவார்கள். நாடளவில் ஜே.ஆரே ஜெயித்தார்.

அந்தத் தோட்டக்காரர் வேட்பாளரின் அறிக்கையைப் படித்திருக்கத் தேவையில்லை. இவர் பேச்சில் அல்ல, தன் கிணற்றடியில் அவர் ஆதாரத்தைப் பார்த்தார். இனப் பிரச்சினையில் நம்பாத ஒரு கட்சியை வெங்காய விஷயத்தில் நம்பலாம் என்று பிரித்தார். ஆளை மொத்தமாக நம்புவது, மொத்தமாக வெறுப்பது என்ற நம் சமூக ஊடகப் பழக்கத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு வளர்ந்த மனம்!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே எழுபதுகளில் மலையகத் தோட்டங்களில் என்ன நடந்தது? உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது, ரேஷன் வெட்டப்பட்டது, இறக்குமதி சுருங்கியது. 1974-ஐ ஒட்டிய காலத்தில் தேயிலைத் தோட்டங்களில் பட்டினி. இறப்பு விகிதம் கூர்மையாக ஏறியது. அங்கே உழைத்தவர்களும் தமிழர்கள்தான். தனக்கென்று நிலம் இல்லாதவர், அரிசியையும் மாவையும் நம்பி வாழ்ந்தவர். யாழ்ப்பாணத்தின் கல்வீட்டுக்கும் மலையகத்தின் வெறும் பானைக்கும் இடையில், இறக்குமதியை இறுக்கிய அதே கை இருந்தது. மலையகத்தில் அன்று பலர் நாடற்றவர்கள். வேட்பாளரைப் பற்றி ஒரு கருத்துச் சொல்ல அவர்களிடம் ஓட்டுச் சீட்டே இல்லை.

வர்த்தக வாக்குறுதிகளின் தனித்தன்மை இதுதான் என்று நினைக்கிறேன். பலன் பெறுகிறவர் கூட்டத்தின் முன்வரிசையில் கைதட்டுவார். விலை கொடுப்பவர் பெரும்பாலும் அந்தக் கூட்டத்திலேயே இருக்கமாட்டார். பல சமயம் அந்த நாட்டு வாக்காளராகவே இருக்கமாட்டார். அமியேன் வாசலில் போலந்துத் தொழிலாளி இல்லை. யாழ்ப்பாணத்துத் தேர்தல் மேடையில் தேயிலை பறிக்கும் பெண் இல்லை.

*

உறுவையாறு வாக்காளரின் நிலைமை இங்கேதான் விசித்திரமாகிறது. வில்லியனூர் போய் விழுப்புரம் சாலையைப் பிடித்தால் திருபுவனை வரும். அங்கே வேர்ல்பூலின் ஆலை இருக்கிறது. வாஷிங் மெஷின் செய்கிறார்கள். எண்பதுகளின் கடைசியில் டி.வி.எஸ். குழுமத்தோடு சேர்ந்து அந்த நிறுவனம் இந்தியாவுக்குள் வந்தபோது கால் வைத்த இடம் புதுச்சேரி. அமியேன் ட்ரையர் இங்கே வரவில்லை, போலந்துக்குப் போனது. அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் கூலியும் வரியும் கணக்குப் பார்த்து ஆலைகள் இடம் தேடுகிற உலகத்தில்தான் எங்கள் கொம்யூன்களுக்குக் கம்பெனி பஸ் வந்தது. அந்த பஸ்ஸில்தான் எங்கள் அண்ணன் ஏறுகிறார்.

பெரியப்பாவிடம் அமியேன் கதையைச் சொல்லி முடித்தபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அங்கருந்து போனா அநியாயம்ங்கறோம். இங்க வந்தா பொங்கல் வைக்கறோம். நாளைக்கு இங்கருந்தும் போவான். அப்ப எங்க போய் அழறது?"

புதுச்சேரிக்கு இது கற்பனைக் கேள்வி இல்லை. வரிச் சலுகைக்காக வந்த ஆலைகளில் சலுகை தீர்ந்ததும் மூட்டை கட்டியவை உண்டு. முதலியார்பேட்டை ஏ.எஃப்.டி. மில் 1898-ல் தொடங்கியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதன் சங்குச் சத்தத்துக்கு எழுந்தன. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தது. ஏற்கெனவே தள்ளாடிய மில் அதோடு படுத்தது. 2020 ஏப்ரல் 30-ல் அதிகாரபூர்வமாக மூடினார்கள். மில்லைத் திறப்போம் என்ற பேச்சைக் கேட்காத தேர்தல் இங்கே கிடையாது. யாரும் அதை முழுசாக நம்புவதில்லை. ஆனால் சொல்லாமல் விட்டுவிட்டால் கோபம் வரும். அது ஏன் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். அந்த வாக்குறுதி தகவலாக வருவதில்லை, மரியாதையாக வருகிறது. உன் வேலை போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று சொல்வது அது. அமியேன் தொழிலாளிகளும் லெ பென்னிடம் கேட்டது ஒருவேளை அதைத்தான். ஆறுதலுக்காகச் சொல்லப்படுவதைக் கொள்கை என்று எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து. ஆறுதலே சொல்லத் தெரியாத கொள்கைக்காரர்களிடமும் ஆபத்துக்குக் குறைவில்லை.

அவர் கேள்விக்கு நான் கொடுத்த பதிலைவிட, அவர் கைமாற்றுக் கணக்கிலிருந்து எடுத்துச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. "பணம் கேக்க வர்றவன் மூணு விதம்டா. எப்பத் தருவேன், எதுலருந்து தருவேன்னு சொல்றவன் ஒருத்தன். 'நான் இருக்கேன், கவலப்படாதே'ன்னு மட்டும் சொல்றவன் ஒருத்தன். தர முடியலன்னாலும் கடைத்தெருவுல எதிர்ல வந்து நிக்கறவன் ஒருத்தன். ரெண்டாவது ஆளுக்குக் குடுக்காதே. மொதலாவது ஆளுக்குக் குடு. மூணாவது ஆளுக்கு மறுபடியும் குடுக்கலாம்."

இதைக் கொஞ்சம் பிரித்து எழுதினால் ஒரு வேட்பாளரை எடைபோடப் போதுமான தராசு கிடைக்கிறது. நீ சொல்வது உன் கையெழுத்தால் ஆகிற காரியமா, இல்லை வேறு யார் கையெழுத்து வேண்டும்? இதற்குக் காசு கொடுக்கப் போவது யார், அந்த ஆள் இந்த இடத்தில் இருக்கிறாரா? நடக்காவிட்டால் நீ எங்கே இருப்பாய்?

மக்ரோன் 2019 நவம்பரில் மறுபடி அமியேனுக்குப் போனார். வேலை இழந்த வேர்ல்பூல் தொழிலாளர்களைச் சந்தித்தார். அதனால் யாருக்கும் வேலை திரும்பி வரவில்லை. அவருடைய மற்ற கொள்கைகளையெல்லாம் அது நியாயப்படுத்தவும் இல்லை. மஞ்சள் சட்டைப் போராட்டம் நடந்து ஓராண்டு ஆகியிருந்தது. போகாமல் இருக்க முடியாத நிலைமை என்றும் சொல்லலாம். இருக்கட்டும். போக வேண்டிய கட்டாயத்தை உண்டாக்கியது, 2017-ல் அங்கே நின்று அவர் திட்டு வாங்கிய அந்த ஒரு மணி நேரம்தான். முகம் பார்த்துச் சொன்ன வார்த்தைக்கு முகம் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மேடையிலிருந்து சொல்லப்படும் வார்த்தைக்கு அந்தப் பாரம் இல்லை.

நீங்கள் உறுவையாறில் இல்லாமல் இருக்கலாம். உங்கள் ஓட்டு பிரான்சுக்குப் போகாமல் இருக்கலாம். ஆனால் 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரில் ஆர்டர் குறைந்தது நமக்குத் தெரியும். அந்த வரிக்காக ஓட்டுப் போட்ட அமெரிக்கத் தொழிலாளிக்குத் திருப்பூரில் காஜா எடுக்கிற பெண்ணைத் தெரியாது. அவர் மேல் நமக்குக் கோபம் வருகிறது. நியாயமான கோபம்தான். அதே கோபத்தை ஒரு நிமிடம் திருப்பிப் பிடித்தால், நம் ஊர் மேடையில் 'இறக்குமதியை நிறுத்துவேன்', 'ஆலைகளைக் கொண்டுவருவேன்' என்று யாராவது சொல்லும்போது நாம் எந்த ஊர்ப் பெண்ணை மறந்துவிட்டுக் கைதட்டுகிறோம் என்று கேட்க முடியும். வேட்பாளரின் நம்பகத்தன்மையில் பாதி அவரிடம் இருக்கிறது. மீதி, கேட்கிறவர் இல்லாத ஆளையும் மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறாரா என்பதில் இருக்கிறது.

மே 7-ஆம் தேதி பெரியப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஓட்டுப் போடப் போனார். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. அண்ணனுக்கு அன்று மதிய ஷிப்ட்.